பழைய ‘குட்டி யானை’ வாங்கும் முன்…

முன்பெல்லாம் சங்கக் கூட்டத்துக்குப் போனால், நான் ரயில்வேக்காரன் என்பதால் சென்னை வண்டியில் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகுமா என்றுதான் கேட்பார்கள். பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவனுக்கும் பெட்டிக்குள் இடம் ஒதுக்குபவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்பியதில்லை. இப்போது வேறு கேள்வி கேட்கிறார்கள். “சின்னதாக ஒரு சரக்கு வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கலாம் என்று இருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?”

கேட்பவர்கள் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இல்லை. வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர்கள், அப்பளம் வடாம் போட்டு விற்பவர்கள். 2020-ல் வேலை போனபின் இப்படிச் சொந்தத் தொழிலுக்கு வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. காலையில் சரக்கு இறக்க வேண்டும், அதே வண்டியில் வேலைக்கும் போய்வர வேண்டும். அமெரிக்காவில் இது சர்வ சாதாரணம். அங்கே பல்லாண்டுகளாக மிக அதிகம் விற்கும் வாகனம் ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை பிக்கப்தான். நம் ஊரிலோ பிக்கப் என்றாலே மஞ்சள் நம்பர் பலகை, ஆர்.டி.ஓ., எஃப்.சி. என்று வேறோர் உலகம். கார் வாங்கிய அனுபவம் அங்கே பாதிதான் கைகொடுக்கும்.

நான் மெக்கானிகல் டிப்ளமா படித்து, 1981-ல் தென் மத்திய ரயில்வேயில் சேர்ந்தவன். 2018-ல் ஓய்வு பெறும்வரை பெட்டிகள், வேகன்கள் பராமரிப்புதான் என் பிழைப்பு. மோட்டார் மெக்கானிக் அல்ல. ஆனால் சுமை தூக்கும் எந்த வண்டிக்கும் வியாதிகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தச் சின்ன லாரி வம்சத்தில் நம் ஹைதராபாத்துக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது இளைய தலைமுறைக்குத் தெரியாது. 1980-களில் ஜப்பான் கூட்டில் நான்கு கம்பெனிகள் இந்தியாவில் இலகு ரக லாரி செய்ய வந்தன. டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மாஸ்டா, ஐஷர் மிட்சுபிஷி, நான்காவது நம் ஊர் ஆல்வின் நிஸ்ஸான். குளிர்சாதனப் பெட்டிக்கும் கைக்கடிகாரத்துக்கும் பேர்போன அதே ஹைதராபாத் ஆல்வின்தான். மும்பை சாலையில் சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் ஜஹீராபாத்தில் தொழிற்சாலை. அந்தப் பத்தாண்டின் கடைசியில் அது மஹிந்திராவின் கைக்குப் போயிற்று. இன்றும் அங்கே வண்டிகள் தயாராகின்றன. 2015-ல் வந்த மஹிந்திரா ஜீட்டோ அங்கே பிறந்ததுதான். ஜப்பான்காரர்களுக்குப் பதிலாக டாடா 1986-ல் இறக்கியது 407.

இவையெல்லாம் நம் தேவைக்குப் பெரியவை. மூன்று சக்கர ஆட்டோவுக்கும் 407-க்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருந்தது. 2005 மே மாதம் டாடா ஏஸ் வந்து அதை நிரப்பியது. தமிழ்நாட்டில் குட்டி யானை, இங்கே சோட்டா ஹாத்தி. இண்டிகா காரின் 1,405 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக வெட்டியது போல 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி. சுமை 750 கிலோ. எஞ்சின் சீட்டுக்கு அடியில். அதன்பின் 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது, 1.25 டன், மூன்று சிலிண்டர். அதிலும் நிஸ்ஸானின் கூட்டு இருந்தது. 2016-ல் மாருதி சூப்பர் கேரி, 740 கிலோ. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப் ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். இந்த நாலைந்து பெயர்களுக்குள்தான் பழைய வண்டிச் சந்தையில் உங்கள் தேர்வு இருக்கும். ஆந்திராவில் ஸ்ரீசிட்டியில் செய்யும் இசுசு வி-கிராஸ் போன்றவற்றைத் தனியார் வண்டியாகவே பதிவு செய்துகொள்ளலாம், ஓட்டவும் சொகுசு. ஆனால் மாவு விற்றுச் சேர்த்த பணத்துக்கு அது எட்டாது.

எந்த வண்டி என்பதற்கு முன்னால், எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். என் குடியிருப்பில் ஒரு கும்பகோணத்துக் குடும்பம். மனைவி மாவு அரைக்கிறார். கணவர் சர்லபல்லியில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. விடியற்காலை மல்காஜ்கிரியிலிருந்து தார்நாகா, சீதாபல்மண்டி, பத்மாராவ் நகர் என்று கடைகளுக்கு மாவு இறக்கிவிட்டு, ஷிஃப்டுக்குப் போய், மாலையில் அரிசியும் உளுந்தும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். “பொலேரோ பிக்கப் எடுத்தால் கெத்தாக இருக்கும் மாமா” என்றார். எழுதிப் பார்த்ததில் மாவும் பாத்திரமும் சேர்ந்து 380 கிலோவைத் தாண்டவில்லை. நாளைக்கு 60 கிலோமீட்டர், எல்லாம் ஊருக்குள். இதற்கு ஒரு டன் வண்டி எதற்கு? பாதிச் சுமையில் ஓடும் பெரிய வண்டி, டீசலையும் டயரையும்தான் தின்னும். அவர் தினமும் 80 கிலோமீட்டர் அவுட்டர் ரிங் ரோட்டில் போகிறவராக இருந்தால் நானே 16 குதிரைசக்தி வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

வாடகை வண்டிக்கு அவர் நாளொன்றுக்கு 900 ரூபாய் கொடுத்து வந்தார். மாதம் 26 நாளுக்கு 23,400. சொந்த வண்டியானால் 1,560 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 16 என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் டீசல் சுமார் 9,300. டயர், ரிப்பேர், எஃப்.சி. செலவுக்கென்று மாதம் 4,000 ஒதுக்க வேண்டும். அடுத்து இன்ஷூரன்ஸ். காருக்குக் கட்டிப் பழகியவர்கள் இங்கேதான் திகைப்பார்கள். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஆண்டுக்கு 3,416 ரூபாய். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய், வண்டி எவ்வளவு சிறியதானாலும். அது மாதம் சுமார் 1,350. வண்டிக்கு 2,60,000 போட்டு நாலு வருடம் கழித்து 1,00,000-க்கு விற்றால் தேய்மானம் மாதம் 3,300 சொச்சம். ஆக மொத்தம் 18,000. மிச்சம் ஐயாயிரத்துச் சொச்சம். பைக் பெட்ரோலும் மிச்சம். லாபம்தான், ஆனால் மெலிந்த லாபம். எஞ்சின் ஒருமுறை வாயைப் பிளந்தால் ஒரு வருட மிச்சம் போய்விடும். அந்தப் பணம் அவர் மனைவியின் வளையல்கள் என்பதால் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருந்தேன்.

வனஸ்தலிபுரம் பக்கம் ஆட்டோ நகரில் ஒரு வியாபாரியிடம் முதல் வண்டியைப் பார்த்தோம். 2013 மாடல், ஏ.பி. நம்பர், பளபளவென்று புதுப் பெயிண்ட். 2,10,000 என்றார். பாடிக்குப் பெயிண்ட் அடித்தால் சரி, சேஸிஸுக்கு எதற்குப் புதுக் கறுப்பு? டார்ச்சோடு அடியில் போனேன். கேபினுக்குப் பின்னால், எந்தச் சுமை வண்டிக்கும் சேஸிஸ் அதிகம் வளையும் இடத்தில், விரலால் தடவினால் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் மேடு. பின் ஸ்பிரிங்கில் மற்ற பிளேட்டுகளை விட அகலம் குறைந்த ஒரு பிளேட் கூடுதலாகச் செருகியிருந்தது. அதற்கு மேல் பார்க்க வேண்டியதே இல்லை. 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிங்குக்கு பிளேட் சேர்க்கலாம். ஆக்சிலுக்கும் வீல் பேரிங்குக்கும் பிரேக் டிரம்முக்கும் எதைச் சேர்ப்பது? வேகனில் ஒரு விரிசலைக் கண்டால் அதை ‘சிக்’ என்று குறித்து ஓரங்கட்டிவிடுவோம். சாலை வண்டிக்குக் குறித்து ஓரங்கட்ட ஆள் இல்லை, வாங்குகிறவர்தான் குறிக்க வேண்டும்.

சேஸிஸ், ஸ்பிரிங், அதன் ஷேக்கிள், சென்டர் போல்ட், டயர். இந்த வரிசையில் அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள். எஞ்சினைக் கடைசியில் பார்க்கலாம். எஞ்சினை மாற்ற முடியும். டயர் ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தால் முன் ஆக்சிலோ சேஸிஸோ கோணல். டயரின் பக்கவாட்டில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். ஸ்டெப்னியில் அந்த எண்ணைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். வண்டிக்காரர் எப்படிப்பட்டவர் என்று அது சொல்லும். மீட்டரில் 62,000 கிலோமீட்டர் காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள்.

எஞ்சினுக்கு ஒரே விதி, குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். விற்பவர் ஏற்கனவே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தபின் நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டும் கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அல்லது இன்ஜெக்டர், சமாளிக்கலாம். சூடான பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் வந்த வழியே போகலாம். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் லேசான மூச்சு இருக்கும். புகைபோக்கி மாதிரி குபுகுபுவென்று தள்ளினால் ரிங், சிலிண்டர் தேய்ந்துவிட்டது. இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் உதறத்தான் செய்யும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

சி.என்.ஜி. வண்டியானால் எஞ்சினோடு சிலிண்டரையும் பார்க்க வேண்டும். அதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனை கட்டாயம். அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வண்டி தோஸ்த் போன்ற பெரிய வண்டி. நம் தேவைக்கு அதிகம் என்றாலும் விலை மலிவு என்று தரகர் அழைத்தார். எஞ்சின் தங்கம். எனக்குத் துணைக்கு வந்த உஸ்தாத், லாலாகூடாவில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர், “எடுத்துக்கொள்ளுங்கள் சாப்” என்றே சொல்லிவிட்டார். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் விற்பவருடையது அல்ல, அவருக்கு விற்றவருடையதும் அல்ல. அதற்கும் முந்தையவர். ஒரு பைனான்ஸ் கம்பெனியின் ஹைபாதிகேஷனும் இன்னும் அடிக்காமல் இருந்தது. “ஓபன் டிரான்ஸ்ஃபர் சார், 29-உம் 30-உம் கையெழுத்துப் போட்டு ரெடியாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்” என்றார் தரகர்.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பலர் வண்டியை விற்கும்போதும் இப்படித்தான் விற்கிறார்கள். படிவம் 29 விற்பவர் தரும் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். செய்யாமல் விட்டால்? வண்டி நாலு கை மாறியபின் ஒரு விபத்து நடந்த வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. விற்றுப் பணமும் வாங்கியாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் மனிதருக்கு, முன்பின் தெரியாத யாரோ செய்த விபத்துக்காக நோட்டீஸ் வரும். வாங்கியவருக்கும் ஆபத்துதான். பாலிசி தன் பெயருக்கு மாறாவிட்டால், வண்டி அடிபடும்போது சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. கடன் தீராத வண்டியை பைனான்ஸ்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனால் கேட்க நாதி இல்லை. பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் கையில் வராமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். தங்கமான எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். கும்பகோணத்துத் தம்பிக்கு இரண்டு நாள் என்மேல் கோபம்.

வேறு சில காகித விஷயங்கள். ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் நம்பரைக் கண்ணால் பார்த்தால் போதாது. வண்டியில் பொறித்திருப்பதன்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடுங்கள். 2014 ஜூன் 2-ல் மாநிலம் பிரிந்தபின் ஆந்திராவில் பதிவான வண்டி நமக்கு வெளிமாநில வண்டி. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். ஏ.பி. என்று ஆரம்பிக்கும் பழைய நம்பர் எல்லாமே அப்படி அல்ல, பிரிவினைக்கு முன் இங்கேயே பதிவானதும் உண்டு. எந்த அலுவலகத்தில் பதிவு என்று பாருங்கள். எஃப்.சி. வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். பாக்கி இருக்கும் போலீஸ் சலான்களை வண்டி நம்பர் போட்டு இணையத்தில் பார்த்துவிடலாம்; ஒரு வண்டிக்கு 31 சலான் பார்த்திருக்கிறேன்.

நல்ல செய்திகளும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவே விலக்குத் தருகிறது. கார் ஓட்டும் லைசென்ஸ் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகு ரக லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

மூன்றாவது வண்டி எங்கள் பக்கத்திலேயே கிடைத்தது. மாவு மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர், வயதாகிவிட்டதென்று மில்லை மூடுகிறார். 2016 ஏஸ், டி.எஸ். நம்பர், முதல் உரிமையாளர். பெயிண்ட் மங்கி, கதவில் கீறல்களோடு பார்க்கச் சுமார்தான். ஆனால் சேஸிஸ் கன்னி கழியாதது. ஆயில் மாற்றிய ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் தேதி வாரியாக வைத்திருந்தார். காலை 6 மணிக்கு ஒரே செல்ஃபில் கிளம்பியது.

அப்புறம் நான் பிடிவாதமாகச் செய்வது ஒன்று, சுமைச் சோதனை. காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெரிந்த கடையில் கேட்டு 50 கிலோ சிமெண்ட் மூட்டை 10 ஏற்றினோம். மேம்பால ஏற்றத்தில் நடுவில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, முதல் கியரில் எடுக்கச் சொன்னேன். எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி ஏறத் தயங்கியது. கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. காலியாக ஓட்டியிருந்தால் தெரிந்தே இருக்காது. 2,45,000 சொன்ன பெரியவர், கிளட்ச் செலவை ஒப்புக்கொண்டு 2,25,000-க்கு இறங்கினார். கிளட்ச், இரண்டு டயர், பின் பிரேக் ஷூ, ஆயில், பெல்ட், கூலன்ட் ஹோஸ் எல்லாவற்றுக்குமாக 35,000.

பிரேக் பற்றி ரயில்வேக்காரன் சும்மா போக முடியாது. சரக்கு வேகன்களில் ‘காலி – சுமை’ என்று ஒரு கைப்பிடி உண்டு. சுமை ஏறியதும் அதைத் திருப்பி வைத்தால் பிரேக் பலமாகப் பிடிக்கும். காலி வேகனில் அதே பலத்தில் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இழுபட்டுத் தட்டையாகிவிடும். சாலை வண்டிக்கும் இதே கதைதான். காலியாக இருக்கும் பிக்கப்பின் பின்பக்கம் இலேசு; மழையில் சடாரென்று மிதித்தால் பின் சக்கரம் பூட்டி வால் சுழலும். பல வண்டிகளில் சுமைக்குத் தக்கபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு, பின் ஆக்சிலோடு கம்பியால் இணைந்து இருக்கும். பட்டறைகளில் அந்தக் கம்பியைக் கழற்றிக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. இருந்தால், வேலை செய்கிறதா என்று பாருங்கள். வேலைக்குப் போகும்போது உங்கள் வண்டி காலி, திரும்பும்போது பாரம்; இரண்டும் வெவ்வேறு வண்டிகள் என்று நினைத்தே ஓட்டுங்கள். வேகம் 40-லிருந்து 60 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு.

பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். பொங்கல் விழாவுக்கு நம் பிள்ளைகள் குட்டி யானையில் நின்றுகொண்டு கும்மாளமாக வருவதை நானே பார்த்திருக்கிறேன். சரக்கு வண்டியின் பின்பகுதி பயணிகளுக்கல்ல. சும்மா ஏறி வந்தவர் விழுந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், பொறுப்பு முழுக்க வண்டிக்காரர் தலையில். அண்டா, சேர், மைக் செட் மட்டும் அதில் வரட்டும்.

பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. அட்டை வந்த பிறகே மிச்சப் பணத்தைப் பெரியவரிடம் கொடுத்தோம். அவரும் அதையே விரும்பினார். முதல் நாள் முழுச் சுமையோடு தர்ம காண்டாவில் நிறுத்தி எடை போட்டு, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டோம். நல்ல இடைவெளி இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு கூடுதலாக ஏற்றலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. வேகன்களில் கடைசியாகப் பட்டறைக்குப் போன தேதியும் அடுத்துப் போக வேண்டிய தேதியும் பக்கவாட்டில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஓட்டுநர் கதவின் உட்புறம் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர், எஃப்.சி. தேதி, இன்ஷூரன்ஸ் தேதி மூன்றையும் வெள்ளை பெயிண்டில் எழுதச் சொன்னேன். மாவு பிசினஸில் ஒரு சௌகரியம், எழுத்துக்காரருக்குக் கூலியோடு இரண்டு கிலோ மாவும் கொடுத்தார்கள். மூன்று வரியும் நேராக வந்திருக்கிறது.